உதவித்தொகை மனு தள்ளுபடியான டயாலிசிஸ் நோயாளிக்கு வேறு என்ன வழி இருக்கிறது?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். தேவகோட்டை வட்டத்தில் இருக்கும் உங்கள் அண்ணனுக்கு வயது 51. சர்க்கரையால் சிறுநீரகம் செயலிழந்து இரண்டு ஆண்டாக வாரம் மூன்று முறை காரைக்குடி வந்து டயாலிசிஸ் செய்துகொள்கிறார். சென்னையில் ஒரு பெரிய கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். அண்ணி வீட்டில் இருக்கிறார், ஒரே மகள் கல்லூரியில் படிக்கிறாள். பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீட்டில் ஒரு பங்கு உண்டு. மாத உதவித்தொகைக்குக் கொடுத்த மனுவைத் தள்ளிவிட்டார்கள். "பென்ஷன் இல்லாத நோயாளிக்கு வேறு ஏதாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உதவித்தொகை ஆணை கையில் இருந்தால்தான் மற்ற சலுகைகளும் பின்னாலேயே வரும் என்ற எண்ணம் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. ஊரில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த ஆணையைக் காட்டச் சொல்லும் இடங்கள் மிகக் குறைவு. ஒவ்வொரு உதவிக்கும் கேட்கிற காகிதம் வேறு. சிலவற்றுக்கு உதவித்தொகை இல்லாமல் இருப்பதே தகுதியாகவும் அமையும்.

மனு ஏன் தள்ளுபடியானது என்பதை முதலில் புரிந்துகொண்டால் அதே மனுவைத் திரும்பத் திரும்பப் போட்டு அலைய வேண்டியதில்லை. வருவாய்த் துறை தரும் மாத உதவித்தொகைகள் 60 வயதான ஆதரவற்ற முதியோர், விதவைகள், கணவனால் கைவிடப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் என்று ஆள்வகைப்படி பிரிக்கப்பட்டவை. நோயாளி என்று ஒரு வகை அதில் கிடையாது. அதனால் எத்தனை மருத்துவச் சீட்டை இணைத்தாலும் உதவித்தொகை மனுக்களைப் பார்க்கும் தனி வட்டாட்சியரால் ஒன்றும் செய்ய முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், ஹீமோஃபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் எல்லாம் அதில் வந்துவிட்டன. சிறுநீரகச் செயலிழப்பு, இதய நோய், புற்றுநோய், சர்க்கரை ஆகியவை அதில் இல்லை. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஆனால் அந்த நோய் உடம்பில் விட்டுச்சென்ற சேதம் பட்டியலில் வரலாம். சர்க்கரையால் சிறுநீரகம் போனவருக்குக் கண்ணின் விழித்திரையும் கெட்டிருப்பது சகஜம். காலில் விரல்களோ பாதமோ எடுக்கப்பட்டிருக்கலாம். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் வலுவிழந்திருக்கலாம். இவை பார்வைக் குறைபாடாகவோ இயக்கக் குறைபாடாகவோ அளக்கப்படும். அளவு 40 சதவீதத்தைத் தொட்டால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைக்கும். பார்வையைப் பொறுத்தவரை நல்ல கண்ணுக்குக் கண்ணாடி போட்ட பிறகு எவ்வளவு தெரிகிறது என்பதுதான் கணக்கு. ஒரு கண் முழுக்கப் போய் மறு கண் நன்றாக இருந்தால் சதவீதம் குறைவாகத்தான் வரும். அதனால் மருத்துவக் குழுவின் முன் போகும்போது டயாலிசிஸ் கோப்போடு மட்டும் போகாதீர்கள். கண் மருத்துவரின் விழித்திரை அறிக்கை, கால் அறுவைச் சிகிச்சையின் டிஸ்சார்ஜ் சுருக்கம், நரம்புச் சோதனை என்று உறுப்பு வாரியாகக் காகிதம் வேண்டும். அட்டை கிடைத்த பிறகுதான் மாற்றுத்திறனாளிக்கான மாத உதவித்தொகையைக் கேட்பதில் அர்த்தம் உண்டு. 2023 ஜனவரியில் அது 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பாதிப்பு 75 சதவீதத்துக்கு மேல் என்றால் வருவாய்த் துறையை விட்டுவிட்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகை கேட்க வேண்டும். அது 2,000 ரூபாய். பார்க்கின்சன், தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்கும் அங்கேதான் வழி.

கண்ணும் காலும் நன்றாக இருந்தால் இந்தப் பாதையை மறந்துவிடுங்கள், நல்ல செய்திதான். அடுத்துப் பார்க்க வேண்டியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. டயாலிசிஸ் இதில் அடக்கம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அண்ணன் இன்னும் ஒவ்வொரு முறையும் கையில் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார். "பெரிய வீடு இருக்கிறது, எங்களுக்கெல்லாம் தரமாட்டார்கள்" என்று அண்ணி சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வாரம் மூன்று என்றால் ஆண்டுக்கு 156 முறை. இதைக் கைக்காசில் செய்துகொண்டே வேறு சலுகைகளைத் தேடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வது மாதிரி.

அந்தப் பெரிய வீட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். செட்டிநாட்டில் இது பலரை முடக்கிப்போடுகிறது. முகப்பு, வளவு (உள்முற்றம்), இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு ஓடும் வீட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு இருக்கும். மாதம் கைக்கு வருவது சூன்யம். வீட்டைப் பார்த்துவிட்டுக் கிராம நிர்வாக அலுவலர் தயங்குவது இயல்பு. மாத உதவித்தொகைக்குச் சொத்து வரம்பு உண்டு, அங்கே வீடு குறுக்கே நிற்கும். காப்பீட்டுக்குக் கேட்பது வருமானச் சான்று மட்டுமே. பூட்டிக் கிடக்கும் வீட்டுப் பங்கு வருமானம் ஆகாது. வீட்டைப் படப்பிடிப்புக்கோ தங்கும் விடுதிக்கோ விட்டு வாடகையைப் பங்கு பிரித்துக்கொள்கிறீர்கள் என்றால் அண்ணனுக்கு வரும் பங்கை மறைக்காமல் எழுத வேண்டும். சான்று கேட்கும் மனுவிலேயே "பொது வீட்டில் இத்தனையில் ஒரு பங்கு, அதிலிருந்து வருமானம் ஏதும் இல்லை, இன்ன தேதியோடு வேலை நின்றது" என்று ஒரு வரி எழுதி, கடையிலிருந்து வேலை நின்றதற்கான கடிதத்தையும் டயாலிசிஸ் சீட்டையும் இணைத்தால் அலுவலருக்குக் கையெழுத்துப் போடப் பிடிமானம் கிடைக்கும். வாயால் சொல்லிப் புரியவைக்க முயன்றால் பேச்சு வீட்டிலேயே வந்து நிற்கும். தாசில்தாரின் வருமானச் சான்று கேட்டாலும் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தோடு அதே காகிதங்கள்தான்.

அடுத்த முட்டுக்கட்டை பெயர். நம் பக்கத்தில் தகப்பனார் பெயரும் பாட்டனார் பெயரும் சேர்ந்த விலாசத்தை (இனிஷியலை) முன்னால் போட்டுக்கொள்வோம். ரேஷன் ஸ்மார்ட் கார்டில் "பழ. சித. அண்ணாமலை", ஆதாரில் வெறும் "அண்ணாமலை எஸ்", வங்கிப் புத்தகத்தில் இரண்டு ஆங்கில எழுத்தோடு இன்னொரு வடிவம் என்று கிடக்கும். மனிதக் கண்ணுக்கு ஒரே ஆள்தான். கணினிக்கு மூன்று ஆள். காப்பீட்டு அட்டை எடுக்கப் போகும் முன் ஸ்மார்ட் கார்டையும் ஆதாரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எதைத் திருத்துவது என்ற கேள்வி வந்தால் ஆதாரை அப்படியே விட்டுவிட்டு ஸ்மார்ட் கார்டைத் திருத்துங்கள், ஏனென்றால் மற்ற எல்லாமும் ஆதாரோடுதான் இணைந்திருக்கிறது. அண்ணன் சென்னையில் இருந்தவர் என்பதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அவர் பெயர் பழைய சென்னை முகவரி அட்டையிலேயே நின்றுவிட்டதா, ஊர் அட்டையில் ஏறிவிட்டதா? ரேஷன் அட்டையில் பெயர் இல்லாதவர் காப்பீட்டிலும் இல்லை.

காகிதம் சேர்ந்ததும் சிவகங்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு அண்ணனும் அண்ணியும் நேரில் போவது நல்லது. டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். டயாலிசிஸ் முடிந்த உடம்போடு வரிசையில் நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993. அருகில் எந்தெந்த மருத்துவமனைகள் டயாலிசிஸுக்குப் பட்டியலில் உள்ளன என்பதை இந்த எண்ணிலேயே கேட்டுக்கொள்ளலாம். பட்டியல் மாறிக்கொண்டிருப்பதால் யாரோ சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அரசு மருத்துவமனை என்றால் காரைக்குடி அரசுத் தலைமை மருத்துவமனையிலும் சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் முதலில் விசாரியுங்கள். புதிய மையத்தில் சேரும்போது ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்ஐவி பரிசோதனைகளின் அண்மைய அறிக்கையைக் கேட்பார்கள். தொற்று உள்ளவருக்குத் தனி இயந்திரம் ஒதுக்க வேண்டும் என்பதற்காகக் கேட்பது அது. கையில் இல்லாமல் போனால் அன்றைய முறை தள்ளிப்போகும்.

காப்பீட்டு அட்டை வந்த பிறகும் சில தனியார் மருத்துவமனைகளில் "டயாலிசிஸ் இலவசம், ஊசியும் ரத்தப் பரிசோதனையும் வெளியே" என்பார்கள். ரத்தம் ஊறுவதற்குப் போடும் எரித்ரோபொயட்டின் ஊசியும் இரும்புச்சத்து ஊசியும் மாதக் கணக்கில் சேர்ந்தால் சிறிய தொகை இல்லை. காப்பீடு மருத்துவமனைக்குத் தரும் தொகுப்புக் கட்டணத்தில் எது அடங்கும், எது அடங்காது என்பதைச் சேரும் நாளிலேயே காப்பீட்டுப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் மேலே சொன்ன எண்ணில் புகார் செய்துவிட்டுப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் பணம் வாங்கினால் அது தொகுப்புக்குள் அடங்கிய செலவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இப்போது யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கும் ஒன்று. சிகிச்சையே இலவசமானாலும் மாதம் பதின்மூன்று முறை தேவகோட்டைப் பக்கத்திலிருந்து காரைக்குடி போய்வரும் செலவு நிற்கும். ஆட்டோவில் போக வர 400 ரூபாய் என்று வைத்தால்கூட மாதம் 5,200. இதைக் குறைக்க மருத்துவ வழியே ஒன்று உண்டு: வயிற்று வழி டயாலிசிஸ், சிஏபிடி என்பார்கள். வயிற்றில் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி, இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புவது. வீட்டிலேயே நாளுக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தத் திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஏற்பாடு இருக்கிறது.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. முன்பு பெரிய வயிற்று அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால், பெரிய குடலிறக்கம் இருந்தால் கடினம். சர்க்கரை நோயாளிக்குத் திரவத்தில் உள்ள குளுக்கோஸ் உடம்பில் ஏறும், இன்சுலின் அளவை மாற்ற வேண்டிவரும். கண் பார்வை மங்கியிருந்தால் அண்ணிதான் செய்ய வேண்டும், அவருக்கும் சேர்த்துப் பயிற்சி வேண்டும். முடிவு சிறுநீரக மருத்துவருடையது. அவர் சரி என்றால் வீட்டு ஏற்பாட்டைப் பற்றிச் சொல்ல நம் பக்கத்து வீடுகளுக்கென்றே சில விஷயம் உண்டு. பை மாற்றும் இடம் வளவாகவோ பட்டாலையாகவோ (கூடம்) இருக்கக் கூடாது. திறந்த முற்றத்தின் காற்று, பழைய சுண்ணாம்புச் சுவரின் உதிர்வு, மேலே அடையும் வௌவால், புறா எல்லாமே கிருமிக்கு வழி. கதவு சாத்தக்கூடிய ஒரு சின்ன அறையைக் கழுவித் துடைத்து அதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். மாற்றும் நேரத்தில் மின்விசிறி ஓடக் கூடாது, கதவு திறக்கக் கூடாது, கை முழங்கை வரை சோப்பால் கழுவியிருக்க வேண்டும், வாயில் முகக்கவசம். நாளுக்கு நான்கு பை என்றால் மாதத்துக்கு 120 பை, 240 லிட்டர். அத்தனையையும் அட்டைப் பெட்டியோடு வெயில் படாமல், தரை ஈரம் ஏறாமல் பலகை மேல் அடுக்க வேண்டும். இடப் பஞ்சம் உங்களுக்கு இல்லை, அந்த வகையில் பெரிய வீடு ஒருமுறையாவது உதவட்டும். வடிந்து வரும் திரவம் தெளிவாக இருக்க வேண்டும். அடியில் வைத்த செய்தித்தாளின் எழுத்து பையின் வழியாகப் படிக்கத் தெரியாமல் கலங்கி வந்தால், அல்லது வயிறு வலித்தால், காய்ச்சல் வந்தால், அந்தப் பையைத் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயிற்று உறைத் தொற்று ஒரு நாள் தாமதத்தைக்கூடப் பொறுக்காது.

மக்களைத் தேடி மருத்துவத்துக்கு வருமானச் சான்றும் வேண்டாம், உதவித்தொகை ஆணையும் வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே தருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் உண்டு. உங்கள் ஊருக்குரிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிய வேண்டும். துணை சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் சொன்னாலும் பட்டியலில் ஏறும். சிறுநீரக நோயாளிக்கு ஓர் எச்சரிக்கை: வீட்டுக்கு வரும் சர்க்கரை மாத்திரை பெரும்பாலும் மெட்ஃபார்மின். டயாலிசிஸில் இருப்பவர் அதைச் சாப்பிடக் கூடாது. அண்ணனுக்கு எழுதியுள்ள மருந்துச் சீட்டின் நகலை மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் கொடுத்துவிட்டு, அதில் இருப்பதை மட்டும் வாங்குங்கள். சீட்டில் உள்ள மற்ற மருந்துகளுக்கு மக்கள் மருந்தகமும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகமும் விலையை வெகுவாகக் குறைக்கும். அங்கே வணிகப் பெயரைச் சொல்லிக் கேட்டால் இல்லை என்பார்கள். மருத்துவரிடம் மருந்தின் மூலப் பெயரை (ஜெனரிக் பெயர்) எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கையில் காசாக வரக்கூடியது என்ன என்பது அடுத்தது. முதலில் அண்ணனின் பழைய வேலை. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்த கடை என்றால் வருங்கால வைப்பு நிதி பிடித்திருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் யுஏஎன் எண் (வைப்பு நிதிக்கான நிரந்தர எண்) இருக்கிறதா என்று தேடுங்கள். வைப்பு நிதி இருப்பை முழுதாக எடுக்கலாம் என்பது பலருக்கும் தெரியும். ஓய்வூதியப் பிரிவில் பத்து ஆண்டுப் பணி முடிந்திருந்தால் 58 வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை, 50 வயதிலிருந்தே குறைத்த ஓய்வூதியம் வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. 58க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு. 51 வயதில் எடுத்தால் ஏறக்குறைய கால்வாசி போய்விடும், அந்தக் குறைப்பு பிறகு சரியாகாது. சாதாரண ஆளாக இருந்தால் காத்திருங்கள் என்பேன். வாரம் மூன்று முறை இயந்திரத்தில் இருப்பவருக்கு இப்போதே வாங்கிக்கொள்வதுதான் சரி என்பது என் கருத்து. படிவம் 10டி. பத்து ஆண்டு ஆகவில்லை என்றால் ஓய்வூதியம் கிடையாது, படிவம் 10சி மூலம் அந்தப் பிரிவில் சேர்ந்த தொகையைக் கேட்கலாம். இங்கேயும் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகாவிட்டால் மனு திரும்பி வரும்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது இப்போதுதான் நோய் தெரிந்து, இன்னும் வேலையில் இருக்கிறார்கள் என்றால், தயவுசெய்து உடனே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கும் வேலை என்றால் சாதாரண நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் உண்டு. அது முடிந்ததும் புற்றுநோய், காசநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட 34 நோய்களுக்கு நீட்டித்த நோய்க்கால உதவி 80 சதவீதம் வரும், அதிகபட்சம் இரண்டு ஆண்டு வரை. இரண்டு ஆண்டு காப்பீட்டு வேலையும், நான்கு சந்தாக் காலங்களில் 156 நாள் சந்தாவும் வேண்டும். அண்ணன் வேலையை விட்டு இரண்டு ஆண்டு ஆகிவிட்டதால் அவருக்கு இந்தக் கதவு அடைத்துவிட்டது. கட்டுமானம், ஆத்தங்குடிக் கல் பட்டறை, தையல், நகைத் தொழில் போன்றவற்றில் இருப்பவர்கள் அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் நோயால் நிரந்தரமாக முடங்கியவருக்கான ஓய்வூதியம் கேட்கலாம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காமல் விட்டுவிடுவதால்தான் பெரும்பாலான மனுக்கள் விழுகின்றன.

அண்ணிக்குக் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாய், வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 2,50,000க்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்பவை 2023இல் திட்டம் தொடங்கியபோது வைத்த அளவுகோல்கள். முதியோர், விதவை உதவித்தொகை வாங்கும் குடும்பத்துக்கு அப்போது இது கிடையாது என்றார்கள். உங்கள் வீட்டில் அது இல்லாததால் அந்தத் தடையும் இல்லை. தடை வந்தால் மின்சாரத்தில்தான் வரும். பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவாக ஒரே மீட்டர், அது அண்ணன் பெயரில் இருந்து, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் விளக்குப் போட்டு 3,600ஐத் தாண்டியிருந்தால் மனு விழும். மேல்முறையீட்டில் பொது மீட்டர் என்று காட்ட வேண்டும். மகள் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் அவளுக்கும் மாதம் 1,000 உண்டு. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம்.

ரேஷனில் அந்தியோதயா அட்டை என்றால் மாதம் 35 கிலோ அரிசி. தீராத நோயாளி குடும்பத் தலைவராக இருக்கும் ஆதரவற்ற வீடுகள் அதன் வரையறையிலேயே இருக்கின்றன. வட்ட வழங்கல் அலுவலரிடம் மனு கொடுக்கலாம். இடம் காலியானால்தான் புதிதாகச் சேர்ப்பார்கள், பெரிய வீடும் கண்ணில் படும். கிடைத்தால் நல்லது என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். இதை நம்பி மற்ற வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

உங்களுக்கே ஒரு வழி உண்டு. பழைய வரி முறையில் வருமான வரி கட்டுபவராக இருந்து, அண்ணன் பெரும்பாலும் உங்கள் கையை நம்பியிருந்தால், அவருடைய சிகிச்சைக்கு நீங்கள் செய்யும் செலவில் 40,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். 80டிடிபி என்று கணக்கர்கள் சொல்வது இதைத்தான். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது, சகோதரரும் சார்ந்தவர் என்ற வரையறைக்குள் வருகிறார். சிறுநீரக நிபுணரின் சீட்டு வேண்டும். காப்பீட்டில் திரும்பக் கிடைத்த தொகையைக் கழித்துவிட வேண்டும். புதிய வரி முறையில் இருப்பவருக்கு இது இல்லை.

பயணத்துக்கு வருவோம். 2020இல் மூத்த குடிமக்களின் ரயில் சலுகை நின்றபோதும் நோயாளிகளுக்கான சலுகை நிற்கவில்லை. டயாலிசிஸுக்கோ மாற்று அறுவைச் சிகிச்சைக்கோ போகும் சிறுநீரக நோயாளிக்கும் உடன் போகும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பு, படுக்கை வசதி, மூன்றடுக்கு ஏசியில் 75 சதவீதம் தள்ளுபடி. திருச்சிக்கோ சென்னைக்கோ மேல்சிகிச்சைக்குப் போகும்போது இது உதவும். ரயில்வே வகுத்த படிவத்தில் மருத்துவமனையின் முத்திரையோடு சான்று வேண்டும், காரைக்குடி ஜங்ஷனில் கவுண்டரில்தான் எடுக்க வேண்டும், செல்போனில் எடுக்க முடியாது. மருத்துவமனையின் சாதாரண லெட்டர்பேடில் எழுதி வாங்கிப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புற்றுநோய், தலசீமியா, இதய அறுவை, காசநோய் முதலியவற்றுக்கும் அளவு வேறுபட்டு உண்டு. பேருந்தில் அண்ணிக்கு டவுன் பஸ் இலவசம். அண்ணனுக்கு நோயை வைத்துச் சலுகை கேட்பதை விட மாற்றுத்திறனாளி அட்டை கிடைத்தால் அதை வைத்துக் கேட்பது சுலபம்.

நகரத்தார் குடும்பம், கோவிலுக்குப் புள்ளி வரி (குடும்பக் கணக்கில் கட்டும் வரி) கட்டுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஊர் நகரத்தார் சங்கத்திலும், பிழைக்கப் போன ஊரில் உள்ள சங்கத்திலும் மருத்துவ உதவி இருக்கிறதா என்று கேட்பதில் தயங்க வேண்டாம். எவ்வளவு, எப்போது என்பது சங்கத்துக்குச் சங்கம் மாறும். மேல்சிகிச்சைக்கு வெளியூரில் தங்க நேர்ந்தால் நகரத்தார் விடுதி இருக்கிறதா என்றும் விசாரிக்கலாம். "ஊருக்குத் தெரிந்துவிடுமே" என்ற கூச்சம் எனக்குப் புரிகிறது. பெண் கல்யாண வயதை நெருங்குகிறாள் என்றால் அது இன்னும் கூடும். அதனால் மொத்தமாக ஒரு பெரிய தொகை கேட்காமல், "மாதம் இத்தனை எரித்ரோபொயட்டின் ஊசி, மருந்துக் கடைக்கே நேராகக் கட்டிவிடுங்கள்" என்று ஆறு மாதத்துக்குக் கேட்டுப் பாருங்கள். குறிப்பான, சிறிய, முடிவு தேதி உள்ள கோரிக்கைக்குச் சம்மதம் எளிதில் வரும், பேச்சும் பரவாது. மற்றவர்களுக்கு ஜமாத், பங்குக் கோவிலின் வின்சென்ட் தே பவுல் சபை, ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள் இதே முறையில் உதவுவதுண்டு.

மாற்றுச் சிறுநீரகம் என்று பேச்சு வந்தால் முதலில் காப்பீடு, அதற்கு மேல் போதாததற்குப் பிரதமரின் தேசிய நிவாரண நிதி. மருத்துவமனையின் மதிப்பீட்டுத் தாளையும் வருமானச் சான்றையும், கிடைத்தால் தொகுதி எம்.பி.யின் பரிந்துரைக் கடிதத்தையும் வைத்து அனுப்ப வேண்டும். பணம் மருத்துவமனைக்குத்தான் போகும், ஏற்கெனவே செலவழித்ததற்குத் தரமாட்டார்கள். எனவே தேதி குறிக்கும் முன்பே அனுப்புங்கள்.

எந்த மனுவும் காரணம் சொல்லாமல் தள்ளுபடியானால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி காரணம் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். காரணம் தெரிந்த பிறகு தேவகோட்டை கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. வீட்டுப் பங்கைப் பிரித்து வாங்குவது பற்றி யோசித்தால், அண்ணி பெண் என்பதால் வருமானம் பார்க்காமலே அவருக்கு இலவச சட்ட உதவி உண்டு. அண்ணனுக்கு வருமான அளவைப் பார்ப்பார்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. பங்காளி வழக்கு எத்தனை ஆண்டு இழுக்கும் என்பதை நினைத்தால், இப்போதைய மருத்துவச் செலவுக்கு அதை நம்பச் சொல்ல மனம் வரவில்லை. சிவகங்கையில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுப்பதாக இருந்தால், அண்ணனுக்குத் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் என்றால் அவரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அண்ணியோ நீங்களோ போனால் போதும். மனுவின் இரண்டாவது படியில் முத்திரையும் எண்ணும் தேதியும் வாங்காமல் அந்த இடத்தை விட்டு வராதீர்கள். அடுத்த மாதம் முதல்வரின் உதவி மைய எண்ணான 1100க்கு அழைத்துக் கேட்கும்போது அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.